23 டயர் தேய்ந்துவிட்டது, 25 போடுவதா 28 போடுவதா?

மெல்லமிதி:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது ரிம் பிரேக் (சக்கரத்தின் ரிம்மைக் கட்டைகள் பிடித்து நிறுத்தும் வகை) வைத்த பழைய ரோடு பைக், அலுமினிய ஃபிரேம். சைக்கிளோடு வந்த 700 × 23, அதாவது 23 மி.மீ. அகல டயர்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்டயரின் நடுப்பகுதி தட்டையாகி, பின்னால் நின்று பார்த்தால் வளைவே தெரியவில்லை, ஓரிடத்தில் ரப்பர் போய் உள்ளே இருக்கும் நூல் எட்டிப் பார்க்கிறது. முன்டயரின் நடுப்பகுதி அவ்வளவு மோசமில்லை, ஆனால் பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் மெல்லிய வெடிப்புகள் விரிகின்றன. கொஞ்ச நாளாகப் பின்சக்கரம் அடிக்கடி பஞ்சர் ஆகிறது, அதுவும் பெரும்பாலும் உடனே இறங்காமல் மெதுவாகக் காற்று போகும் வகை.

வேலைக்குப் போய்வரவும் இதே சைக்கிள்தான், விடுமுறை நாளில் நீண்ட தூரம் போகவும் இதுதான். பந்தயம் எல்லாம் இல்லை. சாலை பெரும்பாலும் சுமார், நடுநடுவே ஒட்டுப்போட்ட தார், ஓரத்தில் கண்ணாடிச் சில்லு, மழைக் காலத்திலும் ஓட்டுவேன். நானும் சைக்கிளும் பையும் சேர்த்து 84 கிலோ வரும்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் 28 போடு, சொகுசு என்கிறார், இன்னொருவர் அகலமான டயர் வேகத்தைத் தின்றுவிடும் என்கிறார். பஞ்சர் ஆகாத டயர் என்று விற்கிறார்களே, அதை வாங்கிவிட்டால் தொல்லை விட்டதா? டிபிஐ என்று போடும் எண் அதிகமாக இருந்தால் நல்லதா? கம்பி வைத்ததா, மடிக்கிற வகையா? எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லுங்கள்.


ஆறாம்கியர்:

எந்த டயர் என்று யோசிப்பதற்கு முன்னால் உங்கள் சைக்கிளில் எது நுழையும் என்று பாருங்கள். ரிம் பிரேக் வைத்த பழைய ஃபிரேம்களில் பெரும்பாலும் கேள்வி அங்கேயே பாதி முடிந்துவிடும்.

வெர்னியர் அளவுகோல் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஆலன் கீ (அறுகோணச் சாவி) செட் போதும். டயரில் வழக்கமான காற்றை அடித்துவிட்டு, டயரின் உச்சிக்கும் பிரேக் கட்டைகளைத் தாங்கும் கேலிப்பரின் அடிப்பக்கத்துக்கும் நடுவே 4, 5, 6 மி.மீ. என்று ஒவ்வொரு கீயாக நுழைத்துப் பாருங்கள். உரசாமல் நுழைகிற பெரிய கீ எதுவோ அதுதான் உங்கள் இடைவெளி. அதே மாதிரி ஃபோர்க்கின் மேல்வளைவுக்குக் கீழே, பின்னால் பெடலுக்குப் பக்கத்தில் ஃபிரேமின் இரண்டு குழாய்களும் நெருங்கும் இடத்தில், சீட் குழாய்க்கும் டயருக்கும் நடுவில், எல்லா இடத்திலும் பாருங்கள். டயரின் உயரம் ஏறத்தாழ அதன் அகலத்தை ஒட்டியே கூடும் என்பதால் 23-லிருந்து 25-க்குப் போனால் மேலே 2 மி.மீ. குறையும், பக்கத்துக்கு 1 மி.மீ. குறையும். 28 என்றால் மேலே 5, பக்கத்துக்கு இரண்டரை. மாற்றிய பிறகும் சுற்றிலும் 4 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் டயரில் ஒட்டி வரும் ஒரு சின்னக் கல்லே ஃபிரேமைச் சுரண்டிவிடும், ஒரு ஸ்போக் உடைந்து ரிம் கொஞ்சம் வளைந்தாலும் சக்கரம் சுற்றாது.

டயரில் எழுதியிருக்கும் அகலத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் அதே டயர் ஏறத்தாழ 0.4 மி.மீ. விரிந்து நிற்கும். 15 உள் அகலம் உள்ள பழைய ரிம்மில் 25 என்பது 25-ஐ ஒட்டியே இருக்கும், 19 உள்ள ரிம்மில் போட்டால் 26-ஐத் தாண்டிவிடும்.

வாங்கும்போது 700 என்பதைவிட 25-622 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவது எண்தான் முக்கியம். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 584 என்று இருந்தால் அது 650பி எனும் சிறிய சக்கர அளவு, உங்கள் ரிம்மில் நிற்காது.

அகலமான டயர் வேகத்தைத் தின்னும் என்பது பழைய நம்பிக்கை. ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயர் தரையில் குட்டையாகவும் அகலமாகவும் படிகிறது, நெடுக்கில் குறைவாக நசுங்குகிறது, அதனால் உருளும்போது வீணாகும் சக்தி குறைவு. அழுத்தத்தைக் குறைத்துச் சொகுசாக ஓட்டினால் அந்த லாபத்தில் ஒரு பகுதி போய்விடும், உண்மைதான். ஆனால் சாலை சொரசொரப்பாக இருந்தால் கல்போல் இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளையும் உங்களையும் தூக்கித் தூக்கிப் போடும், அந்தக் குலுக்கலும் உங்கள் காலில் இருந்து போகும் சக்திதான். பந்தய வீரர்களே 23-ஐ விட்டு 25-க்குப் போய், இப்போது 28-ஐச் சாதாரணமாகப் போடுகிறார்கள், பாரிஸ்-ரூபே மாதிரி கல் பாவிய சாலைப் பந்தயத்தில் 30, 32, அதற்கு மேலும்கூடப் போகிறார்கள். அவர்களுக்கு நம்மைவிட வேகத்தில் அக்கறை அதிகம் இல்லையா?

அளந்துவிட்டுச் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.


முள்வாங்கி:

எனக்குக் கண்ணில் பட்டது வேறு. மெதுவாகக் காற்று இறங்குகிறது, அதுவும் பின்சக்கரத்தில் மட்டும் திரும்பத் திரும்ப. இது டயர் பழசு என்பதால் மட்டும் வருவதில்லை ப்ரோ, உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டுக்கொண்டே இருந்தால் வருடம் முழுக்கப் பஞ்சர்தான்.

டயரைக் கழற்றும் முன், டியூப்பின் வால்வு டயரில் எந்த இடத்தில் இருந்தது என்று சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் டியூப்பில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை வால்வுக்கு நேராக டயர்மேல் வைத்துப் பார்த்தால் குற்றவாளி எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். புது டயர் மாட்டும்போது டயரின் பெயர் எழுதிய இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான், அழகுக்காக இல்லை. உள்பக்கத்தை வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்ளே முழுச் சுற்றும் இழுத்து வாருங்கள், எங்கே இழை மாட்டுகிறதோ அங்கேதான் ஆள். பெரும்பாலும் வெடித்த லாரி டயரிலிருந்து விழுந்த மயிர் மாதிரியான இரும்புக் கம்பியாக இருக்கும். வெளியே தலையே தெரியாது, டயர் தரையில் அழுந்தும்போது மட்டும் உள்ளே நீட்டி டியூப்பைக் குத்தும், அதனால்தான் வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் கிடைப்பதில்லை. டயரை வெளிப்புறமாக மடித்துப் பிடித்தால் முனை எழும்பும், மயிர் பிடுங்கும் இடுக்கியால் இழுத்துவிடலாம்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் கதை சொல்லும். டியூப்பின் உள்வட்டத்தில், அதாவது ரிம் பக்கம் ஓட்டை என்றால் டயரைக் குறை சொல்லாதீர்கள், ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்து துளையின் ஓரம் அறுத்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கடித்தது போல இருந்தால் காற்று போதாமல் பள்ளத்தில் டியூப் ரிம்மில் நசுங்கியது. இந்த இரண்டுக்கும் உலகத்திலேயே தடிமனான டயர் வாங்கினாலும் பயன் இல்லை.

இன்னொன்று, பின்டயர் மட்டும் போதுமா என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. பக்கவாட்டில் வெடிப்பு விட்ட முன்டயரையும் தூக்கி எறியுங்கள். முன்டயர் ஓடும்போது போனால் கைப்பிடி உங்கள் பேச்சைக் கேட்காது, பின்டயர் போனால் பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். இதே காரணத்தால், அடுத்த முறை பின்டயர் தேயும்போது புது டயரைப் பின்னால் போடாமல், முன்டயர் நல்ல நிலையில் இருந்தால் அதைப் பின்னால் மாற்றிவிட்டுப் புதியதை முன்னால் போடுங்கள். பின்னால் எடை அதிகம், மிதிக்கும் விசையும் அங்கேதான் போகிறது, அதனால் பின்டயர் எப்போதும் முதலில் தேயும்.


சரளைச்சாலை:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் டிபிஐ கேள்விக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அந்த எண்ணை வைத்து நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள்.

டயருக்கு உள்ளே இருக்கும் துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதுதான் டிபிஐ. இழை மெல்லியதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் டயர் வளைந்து கொடுக்கும், சாலையில் ஒட்டி ஓடும். ஆனால் சிலர் ஓர் அடுக்கின் கணக்கைச் சொல்வார்கள், சிலர் மடித்து வைத்த எல்லா அடுக்கையும் கூட்டிச் சொல்வார்கள். காண்டினென்டல் கம்பெனியின் ஜிபி 5000 டயரில் 330 என்று போட்டிருப்பது ஓர் அடுக்குக்கு 110 வீதம் மூன்று அடுக்கின் கூட்டல். விட்டோரியா கோர்சாவின் பருத்தி டயரில் 320 என்றால் அது உண்மையிலேயே மெல்லிய நூல். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இரண்டு டயரும் கையில் எடுத்தால் வேறு வேறு. எனவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

கம்பியா மடிப்பதா என்றால், ரிம்மில் மாட்டுகிற விளிம்புக்குள் இரும்புக் கம்பி இருக்கிறதா, அராமிட் எனும் செயற்கை நாரா என்பது மட்டுமே வித்தியாசம். மடிக்கிற டயர் எடை குறைவு. ஆனால் ஒரே பெயரில் வரும் கம்பி வகையில் பல சமயம் உள்துணியையும் ரப்பரையும்கூட மட்டமாகப் போட்டிருப்பார்கள், பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

டயர்மேல் கோடு கோடாக வெட்டிய டிசைனைப் பார்த்து மயங்க வேண்டாம். சைக்கிள் டயர் ஒடுக்கம், காற்றழுத்தமும் அதிகம், கார் டயர் மாதிரி தண்ணீர்மேல் மிதக்கும் வேகத்துக்கு நாம் போவதே இல்லை. தார்ச்சாலையில் மொழுக்கென்ற டயரே போதும், ஈரத்தில் பிடிமானம் கொடுப்பது ரப்பரின் கலவைதான்.


இரவுப்பயணி:

எல்லாரும் மெல்லிய டயருக்கே கொடி பிடிக்கிறீர்கள். வேலைக்குப் போகிற மனிதர், மழையில், இருட்டில், சாலையோரம் நின்று டியூப் மாற்றுவதா? நான் ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் ப்ளஸ் டயரில் ஓட்டுகிறேன். எடை அதிகம், எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்கிறேன், அவ்வளவுதான் வேண்டும்.


முள்வாங்கி:

இரவுப்பயணி, உங்களுக்கு அது சரி, நீங்கள் ஓட்டுவது மட்கார்டும் கேரியரும் வைத்த சைக்கிள் என்று முன்பே எழுதியிருக்கிறீர்கள். மாரத்தான் ப்ளஸ்ஸில் ரப்பருக்குக் கீழே 5 மி.மீ. தடிமனில் ஒரு பட்டை இருக்கிறது, சாதாரண முள் அதைத் தாண்டி டியூப்பைத் தொடாது, மறுக்கவில்லை. ஆனால் ஒடுக்கமான அளவிலேயே ஒரு டயர் அரைக் கிலோவைத் தாண்டும், ஜிபி 5000-இன் 25 அளவு கால் கிலோகூட வராது. எடையை விடுங்கள், அந்தத் தடித்த பட்டை ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி எழும்போது சக்தியைச் சாப்பிடுகிறது, விடுமுறை நாளில் நீண்ட தூரம் போகிறவருக்கு அது மாலை நேரத்தில் காலில் தெரியும். அப்புறம் அதை ரிம்மிலிருந்து கழற்றுவதும் மாட்டுவதும் ஒரு மல்யுத்தம். என்றைக்காவது பஞ்சர் ஆனால் சாலையோரம் நீங்கள் சொன்ன அதே இருட்டில் இன்னும் அதிக நேரம் நிற்க வேண்டும்.

நடுவில் ஒரு வகை இருக்கிறதே, அதைப் பேசுவோம். காண்டினென்டலின் கிராண்ட் ப்ரீ 4-சீசன், கேட்டர்ஸ்கின் மாதிரியானவை. ரப்பருக்கு அடியில் மெல்லிய, கெட்டியான துணிப்பட்டை, பக்கவாட்டிலும் கீறல் தாங்க ஒரு வலை. எடை கொஞ்சம்தான் கூடும். முள்ளையும் சில்லையும் எல்லா நேரமும் தடுக்காது, பெரும்பாலும் தடுக்கும். மழையிலும் ஓட்டுபவர் என்பதால் இந்த இரண்டில் நான் 4-சீசன் பக்கம்தான் சாய்வேன்.

‘பஞ்சரே ஆகாது’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாரம் ஒரு முறை காற்றைப் போக்கிவிட்டு டயரைச் சுற்றிப் பார்த்து, ரப்பரில் பதிந்த சில்லுகளைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுங்கள். சில்லு முதல் சுற்றிலேயே குத்துவது குறைவு, பதிந்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதுதான் அதிகம்.


மெல்லமிதி:

எல்லாருக்கும் நன்றி. பஞ்சு வேலை செய்தது! பின்டயரில் நூல் தெரிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இழை மாட்டியது, மடித்துப் பார்த்தால் மில்லிமீட்டர்கூட இல்லாத கம்பி முனை. இடுக்கியால் இழுத்தபோது வந்தது நகத்தின் அகலத்துக்கு நீளமாக, ஒரு பக்கம் துருப்பிடித்து, மறுபக்கம் தேய்ந்து பளபளப்பாக. டியூப்பில் ஒட்டுப்போட்ட இடங்கள் எல்லாம் அதே பகுதியில்தான் இருக்கின்றன.

இடைவெளி பார்த்தேன். முன்னால் கேலிப்பருக்கு அடியில் 6 கீ நுழைகிறது, 8 நுழையவில்லை. பின்னால் 8 நுழைகிறது. பக்கவாட்டில் இரண்டு பக்கமும் 5 தாராளம். ரிம்மில் 622 × 17 என்று ஒட்டியிருக்கிறது.

பின்னால் மட்டும் 28 போடலாமா? டியூப்லெஸ், அதாவது டியூப் இல்லாத டயர் போட்டால் முள் தொல்லையே இருக்காது என்று ஒரு கடையில் சொன்னார்கள், அது எப்படி?


ஆறாம்கியர்:

622 × 17 என்றால் உள் அகலம் 17, இந்த ரிம்மில் 25 நன்றாக உட்காரும். முன்னால் 6-இல் 2 போனால் 4 மிச்சம், எல்லையில் நிற்கிறது, போதும். 28-ஐ முன்னால் நினைக்கவே வேண்டாம். பின்னால் 8-இல் 5 போனால் 3 தான், நான் போட மாட்டேன். ரிம் பிரேக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு, கேலிப்பரின் லீவரைத் திறந்துவிட்டாலும் காற்றடித்த 28 டயர் பெரும்பாலும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே வெளியே வராது, ஒவ்வொரு முறையும் காற்றைப் போக்கிக் கழற்ற வேண்டியிருக்கும். இரண்டிலும் 25 போடுங்கள்.

காற்று: டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தை அடிப்பவர்கள் நிறைய, அது தாண்டக் கூடாத எல்லை, அடிக்க வேண்டிய அளவு இல்லை. மொத்தம் 84 கிலோ என்றால் 25 டயரில் பின்னால் 85 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முன்னால் 80 என்று தொடங்குங்கள். சாலை கைக்கு அதிர்ந்தால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். பள்ளத்தில் ரிம் தட்டுகிற சத்தம் கேட்டால் ஏற்றுங்கள். பம்ப்பின் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அதனால் எப்போதும் ஒரே பம்ப்பில் அடியுங்கள்.

டயரைக் கழற்றிய கையோடு ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கும் இடத்தையும் பாருங்கள். அந்தப் பரப்பில் தேய்மானம் காட்டும் சின்னக் குழியோ கோடோ இருந்தால் அது இன்னும் தெரிகிறதா? குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்தால் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறதா? பள்ளம் ஆழமாக இருந்தால் புது டயர் வாங்குவதற்கு முன்னால் ரிம்மை மாற்ற வேண்டும். மெலிந்த ரிம் காற்றழுத்தத்தில் பிளந்துவிடும்.


சரளைச்சாலை:

டியூப்லெஸ் பற்றி. உங்கள் ரிம் அதற்கென்று செய்ததா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே விடுங்கள். உள்ளே ஊற்றும் பால் மாதிரியான திரவம் சின்ன ஓட்டைகளை அடைப்பது உண்மை. ஆனால் குறைந்த அழுத்தத்தில்தான் அது நன்றாக அடைக்கும். 25 டயரில் 80-க்கு மேல் காற்றிருந்தால், அடைவதற்குள் பாதித் திரவம் பீய்ச்சிக்கொண்டு உங்கள் முதுகில் இருக்கும். சில மாதத்துக்கு ஒரு முறை அது காய்ந்துபோகும், திரும்ப ஊற்ற வேண்டும். 30-க்கு மேல் அகலம் இருந்தால் நானே பரிந்துரைப்பேன், உங்கள் சைக்கிளுக்கு டியூப்தான் நிம்மதி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: உங்கள் ரிம் கொக்கி இல்லாத வகை என்றால், அதாவது ரிம்மின் உள்விளிம்பு உள்ளே மடங்காமல் நேராக நின்றால், மேலே சொன்ன அழுத்தம் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அதில் 5 பார், ஏறத்தாழ 72 பிஎஸ்ஐ-க்கு மேல் அடிக்கவே கூடாது. அந்த வகை ரிம்முக்குச் சரி என்று டயர் தயாரிப்பாளரும் ரிம் தயாரிப்பாளரும் சொல்லியிருக்கும் டியூப்லெஸ் டயரைத்தான் போட வேண்டும். டியூப் போட்டு ஓட்டினாலும் இதே விதிதான்.


மெல்லமிதி:

ரிம்மில் இருக்கிற சின்னக் குழி இன்னும் தெளிவாகத் தெரிகிறது, ஸ்கேல் வைத்தும் பார்த்தேன், கிட்டத்தட்ட நேராகவே இருக்கிறது. 25-622, மடிக்கிற வகை 4-சீசன் இரண்டு சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று, ஒட்டுப்போடாத பழைய டியூப் ஒன்று கையில் இருக்கிறது, 23-க்கு வாங்கியது. 25-க்கு அதையே போடலாமா? புது டயர் ரொம்ப இறுக்கமாக இருக்கும் என்கிறார்களே, மாட்டுவதற்கு ஏதாவது வழி?


முள்வாங்கி:

டியூப்பின் மேல் 18–25 என்றோ 20–28 என்றோ எழுதியிருக்கும், 25 அதற்குள் வந்தால் தாராளமாகப் போடுங்கள்.

மாட்டும்போது டியூப்பில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் வாயால் ஊதிக்கொள்ளுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டுக் கடைசி அரையடியில் சிக்கிக்கொள்கிறார்கள். ரிம்மின் நடுவில் பள்ளமான ஓடை இருக்கிறது பாருங்கள், மாட்டி முடித்த பகுதியின் விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி அந்த ஓடைக்குள் இறக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் விரலளவு தளர்வு கிடைக்கும், கட்டைவிரலாலேயே உருட்டி ஏற்றிவிடலாம். லீவரைப் போட்டு நெம்பி ஏற்றினால் டியூப்பைச் சேர்த்துக் கிள்ளிவிடும். ஏறியதும் வால்வை ஒரு முறை உள்ளே அழுத்தி விட்டு, இரண்டு பக்கமும் டயரை விலக்கி டியூப் எங்காவது விளிம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று முழுச் சுற்றும் பாருங்கள், அதற்கப்புறம் பம்ப்பை எடுங்கள். டயரின் பக்கத்தில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், மாட்டி முடித்த பிறகு பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.